ஒரு சாண் உயர்ந்த வீடு

டீச்சரின் பாதங்கள் தரைக்கு எட்டாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

"என்னங்க, நான் உட்கார்ந்திருக்கேனா, தொங்கிட்டிருக்கேனா?"

அவள் கணவர், தச்சர், இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நாற்காலியில் ஒரு குறையும் இல்லை. டீச்சருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் செய்த டாக்டர், "கொஞ்ச நாளைக்குத் தாழ்வான இடத்துல உட்கார விடாதீங்க, எழுந்திருக்கக் கஷ்டப்படுவாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு தச்சரிடம் போய் இப்படிச் சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? கூடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தேக்கில் புதிதாக ஒன்று செய்து போட்டுவிட்டார். வழக்கமான அளவைவிட ஒரு சாண் உயரம்.

எப்போதும் கையில் அளவுகோலோடு திரிவதால் தெருவில் அவருக்கு 'முழக்கோல்' என்று பெயர். அக்கம்பக்கத்துக் கதவுகள், கட்டில்கள், மேஜைகள் எல்லாம் அவர் கைவேலை. தன் வீட்டுக்கு மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை. டீச்சர் கேட்கும்போதெல்லாம், "கையில இருக்கிற ஆர்டர் முடியட்டும்" என்பார். ஆர்டர்தான் முடிந்தபாடில்லை.

இப்போது நிலைமை வேறு. டீச்சர் வேலை செய்வது மழலையர் பள்ளியில். அங்கே எல்லாம் குட்டி நாற்காலிகள். குழந்தைகளின் கண்ணுக்கு நேராகக் கண் வைத்துத்தான் கதை சொல்ல வேண்டும். பள்ளி திறந்துவிட்டது. அவள் இடத்துக்குத் தற்காலிகமாக ஒரு பெண் வந்திருக்கிறாளாம், நன்றாகப் பாடுகிறாளாம். அதைக் கேள்விப்பட்ட அன்று டீச்சர் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை தச்சரின் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. தற்காலிகம் நிரந்தரம் ஆவதற்குள் அவளை அந்தக் குட்டி நாற்காலியில் மறுபடி உட்காரவைத்துவிட வேண்டும்.

"கால் தொங்கினா முட்டி வீங்குமோ என்னமோ" என்றாள் டீச்சர்.

மறுநாளே கால்மணை தயார். பாதங்கள் இறங்கின. ஆனால் சாப்பாட்டு மேஜை தாழ்ந்துபோனது.

"தட்டுல கை வைக்கிறது, கிணத்துல வாளி விடற மாதிரி இருக்குங்க."

பழைய தகர மேஜையைத் தூக்கிவிட்டு உயரமாக ஒரு மர மேஜை செய்தார். டீச்சர் ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தச்சர். ஏற்கெனவே குள்ளம். தட்டு மோவாய்க்கு நேராக வந்து நின்றது.

"மலைக்குப் பின்னாடி நிலா எழும்பற மாதிரி உங்க வழுக்கை மட்டும் தெரியுது" என்று சிரித்தாள்.

தனக்கும் ஒரு நாற்காலி செய்துகொண்டார். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து பழகியதும், கட்டிலில் படுப்பது பள்ளத்தில் விழுவதாகிவிட்டது டீச்சருக்கு. கட்டிலை உயர்த்தினார். ஏற முடியவில்லை என்றாள். படி செய்தார். விடியற்காலையில் அந்தப் படியில் தானே இடித்துக்கொண்டு, கால் பெருவிரல் தக்காளிப்பழமாக வீங்கி, வீட்டில் இரண்டாவது ஆளாக நொண்ட ஆரம்பித்தார்.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண், "இன்னிக்கு யாருக்குப் பயிற்சி?" என்று கேட்டாள்.

"என்னை விடும்மா. டீச்சருக்கு எப்படி இருக்கு? பள்ளிக்கூடம் போயிடுவாளா?"

அந்தப் பெண் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கூரையைப் பார்த்தாள்.

"அதை... டீச்சரே சொல்லட்டும் சார்."

"குனிஞ்சு பாத்திரம் எடுத்தா உயிர் போகுது" என்றாள் டீச்சர் மெதுவாக. "சமையல்கட்டுல இடுப்பு உயரத்துக்கு ஒரு அலமாரி இருந்தா நல்லாயிருக்கும். இழுப்பறையோட."

"முட்டிக்கும் இழுப்பறைக்கும் என்ன சம்பந்தம்?"

"மனசு நிம்மதியா இருந்தாத்தானே முட்டி வளையும்? கேளுங்க அவங்களை."

பிசியோதெரபிப் பெண்ணுக்குத் திடீரென்று பலமாக இருமல் வந்தது.

அலமாரி வேலை ஆரம்பமானது. பட்டறையில் மற்ற வேலைகள் எல்லாம் மூலையில் சாத்தப்பட்டன. போன் ஓயாமல் அடித்தது.

"என் வாசக்கதவு என்னய்யா ஆச்சு?"

"வீட்டுல உடம்பு சரியில்லைங்க."

"இங்க போர்வையைத் தொங்கவிட்டுட்டுத் தூங்கறோம்யா! தெருநாய் வந்து எட்டிப் பார்த்து, எங்களுக்காகப் பரிதாபப்பட்டுட்டுப் போகுது!"

தச்சருக்கு அது காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலம், மிச்சமிருந்த பலகையில் பள்ளியில் இருப்பதைப் போலவே ஒரு குட்டி நாற்காலி செய்து எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கு அதைச் செய்துகொடுத்தவரே அவர்தான், அளவெல்லாம் விரல்நுனியில். கூடத்தின் நடுவில் வைத்தார்.

"சும்மா ஒருதடவை உட்கார்ந்து பாரேன். நான் பிடிச்சுக்கறேன்."

டீச்சர் அவர் தோளைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கினாள். பாதி இறங்கியவள், "அம்மாடி!" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டாள்.

"இன்னும் முடியலைங்க. நாளாகும்போல."

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று நாற்காலியை அவசரமாக எடுத்துக் கதவுக்குப் பின்னால் மறைத்தார்.

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலி, மேஜை, கட்டில், எல்லாமே தரையைவிட்டுக் கிளம்பிவிட்ட மாதிரி நின்றன. இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் வீடே ஜன்னல் வழியாக மிதந்து போய்விடும். ஆசை ஆசையாக எல்லாவற்றையும் உயர்த்தி உயர்த்தி, தாழ உட்காருவதையே அவளுக்கு மறக்கடித்துவிட்டோமோ? கெடுத்தது நான்தானோ?

"என்ன யோசனை?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணுமில்ல. அலமாரிக்குக் கதவு மாட்டணும்."

"அவசரமில்ல. நிதானமா, அழகா மாட்டுங்க" என்றாள். அவள் கை அவர் கைமேல் வந்து உட்கார்ந்தது. அந்தக் கரிசனம் அவரை இன்னும் குத்தியது.

காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார்.

"பட்டறைக்கு இவ்வளவு வெள்ளையா?"

"பழசெல்லாம் அழுக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்தார்.

பட்டறைப் பக்கம் திரும்பவில்லை. தெருமுனையில் நின்றார். பள்ளி வேன் அந்த வழியாகத்தான் வரும். ஏறிப் போய்த் தலைமையாசிரியையின் முன்னால் நிற்க வேண்டும். என்ன பேசுவது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். 'அம்மா, அவ இடத்தை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. தப்பு என்னுது. பள்ளிக்கூடத்து மேஜை நாற்காலி எல்லாத்தையும் சும்மாவே ரிப்பேர் பண்ணித் தர்றேன்.'

மஞ்சள் வேன் திரும்பியது. நடுரோட்டில் இறங்கிக் கையை ஆட்டினார். டிரைவர் பிரேக்கை அழுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"என்னண்ணே, கதவு செய்யறவரு என் வேன் கதவையும் பார்க்கப்போறீங்களா?"

"விளையாடாதீங்க தம்பி. என்னைப் பள்ளிக்கூடத்துல இறக்கிவிடுங்க. டீச்சருக்கு இன்னும் கொஞ்ச நாள் லீவு கேட்கணும். அவளால குட்டி நாற்காலியில உட்காரவே முடியலை."

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்குண்ணே லீவு? போன வாரமே வேலைக்கு வந்துட்டாங்க, தினம் நீங்க பட்டறைக்குக் கிளம்பினதும் நான்தான் ஏத்திட்டுப் போறேன், அடுத்த ஸ்டாப்பே உங்க வீடுதான். ஆனா நான் சொன்னதா மட்டும் சொல்லிடாதீங்க, சமையல்கட்டு அலமாரிக்குக் கதவு மாட்டி முடிக்கிற வரைக்கும் முழக்கோலுக்கு விஷயம் தெரியவே கூடாதுன்னு டீச்சர் எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காங்க!"