ஓடிவிட்டால் துக்கம், நின்றுவிட்டால் மிட்டாய்

புரோகிராம் ஒழுங்காக ஓடிவிட்டால் துக்கம் விசாரிக்க வருகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் கடலூர் முதுநகரில், எங்கள் ஆபீஸில், எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவன் மிட்டாய். மேஜையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறையக் கடலை மிட்டாய் வைத்திருப்பான். யாருக்காவது அதுவரை பார்த்திராத எர்ரர் ஒன்று திரையில் வந்துவிட்டால் போதும், ஓடி வந்து கையைக் குலுக்கி ஒரு மிட்டாய் கொடுப்பான். பழைய எர்ரரே திரும்ப வந்தால் மிட்டாய் கிடையாது. அது ஏன் வந்தது என்று அவனுக்கு விளக்க வேண்டும். இந்தச் சட்டத்தால் ஆபீஸில் எறும்பு பெருகியது. ஒருவருக்குப் பல்லில் அடைத்திருந்த சிமென்ட் கழன்றது. நடத்துவது ஆபீஸா பெட்டிக்கடையா என்று முதலாளி வாரம் ஒருமுறை கேட்பார். அவருக்கும் ஒன்று கொடுப்பான்.

அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் சாப்ட்வேர் செய்து கொடுக்கிற சின்ன கம்பெனி அது. அங்கே கணக்கு சரிபார்ப்பது என் வேலை, வயது நாற்பத்தேழு. ஒரு நாள் முதலாளி என்னை அழைத்து, சரிபார்க்கும் வேலையை இனி கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்றார். தீபாவளிக்குள் நானே ஒரு புரோகிராம் எழுதி வாடிக்கையாளர் ஒருவரிடம் ஓட்டிக் காட்டினால் வேலை உண்டு. இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வேறு இடம் என்று எதுவும் என் கண்ணில் படவில்லை.

நான் ஒழுங்கானவன். புத்தகத்தில் இருந்ததை அடிக்கோல் வைத்து வரிவரியாக ஒப்பிட்டு அடித்தேன். முதல் தடவையிலேயே ஓடியது. பெருமையாக மிட்டாயைக் கூப்பிட்டேன். திரையைப் பார்த்ததும் அவன் முகம் வாடியது. என் தோளில் கை வைத்தான்.

"மனச தேத்திக்கோங்க மாமா. சில நேரம் இப்படி ஓடிடும்."

புது மொழி என்பது புது ஊர் மாதிரி என்பது அவன் கொள்கை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராகக் கோயிலுக்குப் போய் நேராகத் திரும்பியவனுக்குச் சிதம்பரம் தெரியாது. வழி தவறி நாலு சந்தில் முட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும். பைத்தான் படிப்பதா ஜாவா படிப்பதா என்று கேட்டுக் காலேஜ் பையன்கள் வருவார்கள். "எதுல தப்பு பண்ண ஒனக்கு வெக்கமா இல்லியோ, அதப் படி மச்சான்" என்று அனுப்பிவிடுவான். முதல் மொழி அலுத்துப் போவதற்கு முன்னால் இரண்டாவதைத் தொடக் கூடாது. சர்டிபிகேட் என்பது சாப்பாட்டு டோக்கன். அதையே தின்றுவிட்டுப் பசி ஆறியது என்று சொல்லக் கூடாது.

இந்தியைக்கூட இப்படித்தான் கற்றான். ஸ்டேஷன் பக்கம் பானிபூரி விற்கிற வடநாட்டுக்காரரிடம் தினமும் வெட்கமே இல்லாமல் தப்புத் தப்பாகப் பேசினான். ஒரு நாள் அவன் சொன்னதைக் கேட்டு அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்ன சொன்னான் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரம் காசு வாங்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் இருவரும் இந்தியில் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு முன்னேறிவிட்டார்கள்.

எனக்கு மட்டும் மிட்டாய் கிடைக்கவேயில்லை. ஒரு நாள் டீ குடித்துவிட்டு வந்தால், மிட்டாய் என் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தான். என் புரோகிராமில் ஒரு வரியை எடுத்துவிட்டானாம். எந்த வரி என்று சொல்ல மாட்டானாம். ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. எனக்கு வியர்த்தது.

"செவப்பா வந்தா திட்றான்னு நெனைக்காதீங்க மாமா. எங்க இடிக்குதுன்னு சொல்றான். முழுசாப் படிங்க."

சாயங்காலம் வரை படித்தேன். கண்டுபிடித்தேன். அதற்கு அவன் கொடுத்த கடலை மிட்டாயை உடனே தின்ன மனமில்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அதற்குப் பிறகு என்னை யாரும் தடுக்க முடியவில்லை. காலையில் வந்ததும் எதையாவது உடைப்பேன். சில நாள் இரண்டு மிட்டாய். மனைவி சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொன்னாள்.

தீபாவளிக்கு முன்பு, கீரப்பாளையம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. நெல் வரத்துக் கணக்குக்கு நான் எழுதிய புரோகிராம். முதலாளி வந்திருந்தார், மிட்டாயும் வந்திருந்தான். ஆலைக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் வண்டி பதிவானது. இரண்டாவதும் பதிவானது. மூன்றாவது வண்டிக்குக் குமாஸ்தா விவரத்தை அடித்ததும் எல்லாம் நின்று திரை சிவந்தது.

"இன்னாங்க இது, மூணாவது வண்டிக்கே படுத்துடுச்சு" என்றார் ஆலைக்காரர்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் தீபாவளி அன்றே முடிந்துவிட்டது. மிட்டாயோ துள்ளி எழுந்தான். சட்டைப் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து ஆலைக்காரர் கையில் வைத்தான்.

"எடுத்துக்கோங்க. இது புத்தம் புதுசு. எங்க மாமா இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

"தப்பு வந்ததுக்கா மிட்டாய் குடுக்கற?"

"இன்னிக்கு வந்துடுச்சே. சம்பா அறுவடையில, கேட்டு வரைக்கும் வண்டி நிக்கும்போது வந்திருந்தா?"

ஆலைக்காரர் மிட்டாயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, உடனே சரிசெய்யும்படி மிட்டாயிடம் சொன்னார். அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

"நான் தொட மாட்டேன் சார். அது மாமாவோட தப்பு."

சரியாகவில்லை என்றால் இரண்டு பேரும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. அப்போதும் அவன் கையை எடுக்கவில்லை.

நான் சிவப்பு எழுத்தை முழுதாகப் படித்தேன். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்றது. ஒரு மூட்டையின் சராசரி எடைக்காக, மொத்த எடையை மூட்டைக் கணக்கால் வகுக்க எழுதியிருந்தேன். குமாஸ்தா மூட்டை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"மிஷின்ல அறுத்து அப்படியே டிராக்டர்ல கொட்டி எடுத்தாந்துட்றாங்க. சாக்கு ஏது? இப்பல்லாம் முக்காவாசி வண்டி இப்படித்தாங்க."

நெல் என்றால் மூட்டை என்று நினைத்தே வளர்ந்தவன் நான். சாக்கு இல்லாத வண்டிக்குத் தனி வழி எழுதினேன். சொல்லியனுப்பிய டீ வருவதற்குள் மூன்றாவது வண்டி பதிவானது. நான்காவதும் சாக்கில்லாத வண்டிதான், அதுவும் பதிவானது. ஆலைக்காரர் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே, அடுத்த வண்டியை விடச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து இதே ஆலைக்குப் பட்டுவாடாக் கணக்கையும் நான் தொடங்க வேண்டும் என்றார் முதலாளி. மிட்டாய் மட்டும் துக்க வீட்டில் நிற்பவன் போல நின்றான்.

சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறியதும், எனக்குச் சரிசெய்ய வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அவனைக் கேட்டேன்.

"எனக்கும் பயந்தான் மாமா. கைய கீழ வச்சு உக்காந்ததே, இல்லன்னா அதுவா கீபோர்டுக்குப் போயிடும்னுதான்."

புதுச்சத்திரம் வருவதற்குள் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டான். அவன் தலை நல்ல கனம். தோள் மரத்துப்போனது. முதுநகர் வரும்வரை நான் அசையவில்லை.