கடைசி அடி கொஞ்சம் குட்டை

கவிதை எழுதுகிறவனைக்கூட மன்னித்துவிடலாம். எழுதியதை விளக்குகிறவனை மன்னிக்கவே கூடாது. நான் விளக்கியவன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நாங்கள் கொல்கத்தாவில், ஜாதவ்பூரில் குடியிருந்தோம். அலிப்பூரில் எனக்கு மத்திய அரசு உத்தியோகம். மிச்ச நேரத்தில் (வேலை நேரத்திலும்தான்) அந்த ஊரைப் பற்றி வெண்பா எழுதிக்கொண்டிருந்தேன். மழைக்கு ஒன்று, மீன் சந்தைக்கு ஒன்று, டிராமுக்கு மட்டும் பதினொன்று. அவற்றில் தலைசிறந்தது என்று நான் நம்பியதன் கடைசி அடி, ‘மணியடித்தும் நில்லாத ட்ராம்’. டிராம் என்று எழுதினால் தளை தட்டும். ட்ராம் என்றால் தளை தட்டாது, ஆனால் சொல் மெய்யெழுத்தில் தொடங்கும், இலக்கணம் ஒப்பாது. இந்தச் சிக்கலை மூன்று வாரம் சுமந்தேன். மனைவி ஜெயா, “பஸ்ஸுன்னு எழுதிட்டுப் போங்களேன்” என்றாள். (பஸ் அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.)

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை மாலையில் (அங்கே அது தை, மாசிக் குளிரில் வரும்) எங்கள் தெருக் கிளப்பின் பந்தலில் கவிதை வாசிப்பு வைத்தார்கள். ஏழாம் வகுப்பு படித்த எங்கள் மகள் நித்யாவுக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். தானே எழுதிய முதல் கவிதையை அன்று படிக்கப் போகிறாள். பத்து நாளாகக் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளப் செயலாளர் தபன்தா, தொழிலில் ஹோமியோபதி வைத்தியர். மரியாதைக்காக என்னையும் தமிழில் ஒன்று வாசிக்கச் சொல்லிவிட்டார். நான் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கு முந்தைய முறை என்னுடையது.

கிளம்பும்போது நித்யா சொன்னாள்: “அப்பா, தமிழ்ல படிச்சுட்டு இறங்கிடுப்பா. பெங்காலியில ஒண்ணும் விளக்காதே. அடுத்தது நான்.”

“பயப்படாதே, நான் நல்லா தயார் பண்ணியிருக்கேன்” என்றேன். அவள் பயந்ததே அதற்குத்தான்.

தயாரிப்பு என்றால் இதுதான். வெண்மைக்கு ‘ஷாதா’. கவிதையின் அடியை எப்படிச் சொல்வது? அடி என்றால் பாதம்தானே என்று ஆபீஸ் நண்பரிடம் என் செருப்பைக் காட்டிக் கேட்டேன். “பா” என்றார். குறித்துக்கொண்டேன். வெண்பாவில் இருக்கும் பாவை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அது நம் சொத்து, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு பாவும் கேட்கிறவர் காதில் ஒன்றாகத்தான் விழும் என்பது, டிராமைப் பதினொரு முறை பாடிய மூளைக்கு எட்டவில்லை.

மைக்கைப் பிடித்து, “ஆமார் எக்டா ஷாதா பா ஆச்சே” என்று ஆரம்பித்தேன். என்னிடம் ஒரு வெண்பா இருக்கிறது என்பது நான் சொன்னது. எனக்கு ஒரு வெள்ளைக் கால் இருக்கிறது என்பது அவர்கள் கேட்டது.

முன்வரிசைச் சால்வைகள் அசையவில்லை. ரசிக்கிறார்கள் என்று நினைத்து மேலே போனேன். இந்தப் பாவுக்கு நாலு பா. கடைசிப் பா கொஞ்சம் குட்டை. இப்போது அதை உங்கள் முன்னால் வைக்கப் போகிறேன்.

யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். தபன்தா மேடையருகே வந்து, எவ்வளவு காலமாக இப்படி என்று தணிந்த குரலில் விசாரித்தார். சிறு வயதிலிருந்தே என்றேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது? அப்பாவுக்கு உண்டு, அவரிடமிருந்துதான் எனக்கு வந்தது என்றேன் பெருமையாக, மைக்கிலேயே. வலிக்குமா? கடைசிப் பா சரியாக அமையாதபோது மட்டும்.

பின்வரிசையில் ஒரு பெண்மணியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பிறகு பந்தல் முழுவதும். அந்தச் சிரிப்புக்கு நடுவே, மணியடித்தும் நில்லாத ட்ராம் போல, நான் என் வெண்பாவைப் படித்து முடித்தேன்.

அடுத்து நித்யா. நேராக நின்றாள். அவள் முதல் வரியில் மழையின் பாதங்கள் மொட்டை மாடியில் ஓடின. ‘பா’ என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் பந்தல் மறுபடி வெடித்தது. அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து. மேடையில் நின்றது அவள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, இரண்டாவது வரியைச் சொல்லாமல் காகிதத்தை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே, “வெண்பாவுல கடைசி அடி ஏன் குட்டை?” என்று கேட்டாள். விளக்கினேன். தமிழில்தான்.

அந்த வருஷப் பள்ளி இதழில் அவள் கவிதை வந்தது. தலைப்பு, ‘பாபார் பா’. வங்காளத்தில் அப்பாவின் கால்; தமிழ்க் காதுக்கு அப்பாவின் பா. நாலு வரி, கடைசி வரி கொஞ்சம் குட்டை. எங்கள் வீட்டில் அச்சேறிய கவிதை இன்றுவரை அது ஒன்றுதான். தபன்தா அதைக் கத்தரித்துத் தன் மருந்து அலமாரியில் ஒட்டிவைத்தார்.

இப்போதும் யாராவது என்னிடம் மைக்கை நீட்டினால், என் கண் முதலில் நித்யா எங்கே என்று தேடும். அவள் புனேயில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போனை எடுத்ததும், “பா எப்படிப்பா இருக்கு?” என்பாள். எனக்கு இப்போது நிஜமாகவே முழங்கால் வலி. கேட்பது அதையா, வெண்பாவையா என்று நான் விளக்கம் கேட்பதில்லை. விளக்கத்தால் பட்டது போதும். “கடைசி அடிதான் தகராறு” என்கிறேன். இரண்டுக்கும் பொருந்துகிறது.