நூற்றுக்கு நூறு வாங்கிய ரத்தக்குழாய்

மரணத்தை மனிதன் எப்போது வெல்வான் என்று இன்னும் சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். பெரிய மருத்துவமனையின் நான்காம் மாடியில், ரத்தக்குழாய்ப் பிரிவில், அந்தக் காரியம் எப்போதோ முடிந்துவிட்டது. வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பலகை தொங்குகிறது: ‘சிக்கலான மகாதமனி வீக்கம். வெற்றி: நூறு சதவீதம்.’

அந்த வெற்றியில் தாமும் ஒரு பங்கு என்பதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு நெஞ்சு நிமிர்ந்த பெருமை. இதயத்திலிருந்து இறங்கும் பெரிய குழாய் அவர் வயிற்றில் பலூன்போல உப்பி, சிறுநீரகங்களுக்குக் கிளை பிரியும் இடத்தையும் வளைத்துப் பிடித்திருந்தது. தொடை வழியாக ஒரு கம்பிவலைக் குழாயை உள்ளே செலுத்தி, கிளைகளுக்கு ஜன்னல் விட்டு, கச்சிதமாகப் பொருத்தினார்கள். ‘நம் குடும்பத்தில் எவரும் எதிலும் தோற்றதில்லை’ என்று சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அன்றே கைபேசியில் செய்தி போனது.

பத்து மாதம் கழித்து எடுத்த ஸ்கேன் மட்டும் கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பேசியது. குழாய்க்கு வெளியே வீக்கத்துக்குள் ரத்தம் கசிகிறதாம். ஆறு சென்டிமீட்டர் ஏழாகிவிட்டதாம்.

துறைத் தலைவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல ரசித்தார்.

“அருமையா உக்காந்திருக்கு சார். ஒரு மில்லிமீட்டர்கூட நகரலை.”

“கசியுதுன்னு போட்டிருக்கே, டாக்டர்?”

“அது குழாயைச் சுத்திக் கசியுது. குழாய் பிரமாதமா இருக்கு.”

“வெடிச்சிருச்சுன்னா?” என்றார் தலைமையாசிரியரின் மனைவி.

“வெடிச்சாலும் குழாய்க்கு ஒண்ணும் ஆகாதும்மா.”

“அப்ப ஒண்ணு பண்ணுங்க. குழாயை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இவரை நீங்க வச்சுக்குங்க.”

துறைத் தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். கசிவை அடைக்கலாம், இன்னொரு முறை உள்ளே போனால் போதும் என்றார். ஆனால் மறுபடி போனால் முதல் சிகிச்சை தோற்றதாகப் பதிவாகும். அடுத்த மாதம் மாநாடு. நூறு சதவீதத்தைப் பற்றிப் பேசப்போவதே அவர்தான். எனவே ஒரு சிறிய படிவத்தை நீட்டினார். ‘நோயாளி தொடர் சிகிச்சைக்கு வரவில்லை.’

“எதிர்லயே உக்காந்திருக்காரே,” என்றார் மனைவி. “எப்படி வரலைன்னு எழுதுவீங்க?”

“ஆள் வந்திருக்காரும்மா. பதிவேட்டுலதான் வரலை. கையெழுத்துப் போட்டுட்டு வேற எங்கயாவது போய் அடைச்சுக்கலாம்.”

“வேற எங்க இதைச் செய்றாங்க?”

“எங்கயும் இல்லை,” என்றார் துறைத் தலைவர், அடக்கமாக. “அதுதான் எங்க சிறப்பே.”

தலைமையாசிரியருக்குக் கோபம் வரவில்லை. மரியாதைதான் வந்தது. ஒரு கலைஞனை இன்னொரு கலைஞன் அறியாமல் இருப்பானா? அவருடைய பள்ளியும் இருபத்திரண்டு ஆண்டுகள் முழுத் தேர்ச்சி பெற்ற பள்ளி. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால், தேறமாட்டார்கள் என்று பட்ட பிள்ளைகளின் அப்பாக்களை அழைத்து உட்காரவைத்து, டீ வரவழைத்து, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுப்பார். யாரையும் அவர் தோற்கவிட்டதில்லை.

கையெழுத்தைப் பதிவறையில்தான் போட வேண்டும். அங்கே எழுத்தராக இருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ‘வரவில்லை’ என்ற பத்தி மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது.

“இத்தனை பேரா வரலை?”

“முப்பத்தொன்பது பேர் சார். அதுல பதினொரு பேர் வந்தாங்க, வரலைன்னு எழுதினோம். மத்தவங்க வர்ற நிலைமையில இல்லை.”

மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்தார். அவரோ பதிவேட்டின் ஒழுங்கில் மனம் பறிகொடுத்திருந்தார்.

“இவ்வளவு சுத்தமா எழுத எங்கம்மா கத்துக்கிட்டே?”

“உங்ககிட்டதான் சார். பத்தாவது பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கும்போது எனக்கு டிசி கொடுத்தீங்க. ‘உங்க பொண்ணு தோக்கலை, பரீட்சைக்கு வரலை, அவ்வளவுதான்’னு எங்கப்பாவுக்கு ஆறுதல் சொன்னீங்க. அவர் டீயைக் குடிக்காம வச்சிட்டு வந்துட்டார்.”



“அப்புறம்?” என்றார் தலைமையாசிரியர்.

“வீட்டுல இருந்தே எழுதினேன். பாஸ்தான் சார். உங்க நூறுல அது சேராது.”

அவர் படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“என் பேருக்கு நேரா தோல்வின்னு எழுதும்மா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். சொந்தக்காரங்க காதுக்குப் போகும்.”

“எழுதும்மா,” என்றார் மனைவி. “உயிரோட இருக்கற ஃபெயிலே எனக்குப் போதும்.”

அவள் எழுதினாள். தோல்வி என்று ஏறிவிட்டால் பதினைந்து நாளுக்குள் மறுசிகிச்சை செய்தாக வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி. அந்த விதியை அதுவரை யாரும் தொந்தரவு செய்ததில்லை. பன்னிரண்டாம் நாள் கசிவை அடைத்தார்கள். துறைத் தலைவரின் கை உண்மையிலேயே தங்கமான கை.

வீடு திரும்பும் நாளில் தலைமையாசிரியர் மெல்ல நடந்து பதிவறைக்குப் போனார். நன்றியோடு வேறொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருடம் பிந்திய ஒன்று. நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். மேஜைமேல் புத்தம்புதுப் பதிவேடு. அதில் அவர் பெயரைக் காணோம். வாசல் பலகையை அப்போதுதான் ஒருவன் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நூறு பளபளத்தது.

அவர் துறைத் தலைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

“எந்தப் பொண்ணு சார்?” என்றார் துறைத் தலைவர், அன்பாக. “அப்படி யாரும் இங்க வேலை பாக்கலையே. உக்காருங்க, டீ சொல்றேன்.”

வந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுத் தலைமையாசிரியர் எழுந்தார். ஊருக்கே இந்தப் பாடத்தை நடத்தியவர் அவர்தான்.