மணலை அள்ளிப்போன அரசாணை

மருதவெளி என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். அதன் அமைச்சர்களுக்கே அது எங்கே இருக்கிறதென்று தெரியாது.

அங்கே மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு விதப் பள்ளிகள். அரசுப் பள்ளியின் நடுவே மணல் குவித்திருக்கும். பிள்ளைகள் மணலில் சோறாக்குவார்கள். ஆக்கிய பிள்ளை யாரையாவது பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். அது அங்கே வழக்கம். கூலி வேலை பார்க்கும் வேம்பியின் மகள் தும்பை, அதுவரை வாய் திறக்காதவள், ஒருநாள் தன்னை அழைத்துப்போக வந்த தாயைப் பார்த்து, “அம்மா, சோறு” என்றாள். வேம்பி அந்த மணலை நிஜமாகவே வாயில் போட்டுக்கொண்டாள்.

பொன்மாடம் என்ற தனியார் பள்ளியிலோ அதே வயதுப் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து எழுதினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த கல்வி அமைச்சர் நெடுமொழியார் சபையில் கண்கலங்கினார்.

“மன்னா, அங்கே ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. நம் பிள்ளைகளோ மண்ணில் புரளுகிறார்கள். உலகம் நம்மைப் பார்த்துச் சிரிக்காதா?”

மணலை அள்ளச் சொல்லி ஆணை பிறந்தது. மணல் போனதும் பிள்ளைகள் ஓடினார்கள். ஓடக்கூடாதென்று ஓர் ஆணை. உட்கார்ந்து பேசினார்கள், அதற்கும் ஓர் ஆணை. மிக அமைதியான குழந்தைக்குப் பதக்கம் என்றும் அறிவித்தார்கள்.

முதல் பதக்கம் தும்பைக்கு. மணல் போன நாளிலிருந்து அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

“உன் மகள் நாட்டுக்கே முன்மாதிரி, அம்மா,” என்றார் அமைச்சர்.

“பதக்கம் வேணாங்கய்யா. அந்த மண்ணத் திருப்பிக் குடுங்க. புள்ள பேசிக்கிட்டிருந்துச்சு.”

“மணல் உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது.”

வேம்பி மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வழியில் பொன்மாடத்தின் வாசலில் புதுப் பலகை: ‘கடல் கடந்து வந்த மணல்வழிக் கல்வி. இடங்கள் குறைவு.’ கம்பிக் கதவுக்கு அப்பால் அதே மணல். அமைச்சரின் பேத்தி தனியாகச் சோறாக்கிக்கொண்டிருந்தாள். யாரையாவது கூப்பிட வேண்டுமென்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தும்பை இடுப்பிலிருந்து இறங்கிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னயக் கூப்புடு,” என்றாள்.

வேம்பி நின்ற இடத்திலேயே அழுதாள். காவலாளி இருவரையும் விரட்டினான்.

மறுநாள், பொது இடத்தில் பேசிய குற்றத்துக்காகப் பதக்கத்தைத் திரும்ப வாங்கிப்போக ஓர் அரசுச் சேவகன் வந்தான். வேம்பி அதை மகள் கையிலேயே கொடுத்தனுப்பினாள்.

“ஒம் பேரு என்ன? சோறு திங்கக் கூப்புடணும்,” என்று தும்பை அவனைக் கேட்டாள்.

பணி நேரத்தில் பேச அவனுக்கு அனுமதி இல்லை.