மண்ணு பாய்க்கு ஒரு பிடி மண்

தர்மபுரி மாவட்டத்தில் ரோடே இல்லாத ஊருக்கு ஒரு வண்டி ஏறுகிறதென்றால், அதற்குக் காரணம் இன்ஜின் இல்லை, மண்ணு பாய்தான். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவும் நான் தயார்.

அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் அவருடைய டயர் கடை. யார் வந்தாலும் முதல் கேள்வி, "மண்ணு எங்கங்க?" வண்டி ஓடப்போகிற பாதையிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவராதவருக்கு டயர் கிடையாது. பெரிய பெரிய மனிதர்களே பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள்.

ஏரியூருக்கு மேலே மலையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கு அப்போது நிறைமாதம். மழை பிடித்தால் அங்கே எந்த வண்டியும் ஏறாது. அவளை ஆஸ்பத்திரிக்கு இறக்கத்தான் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை வாங்கினேன். ஆனாலும் பளபளக்கும் அலாய் வீல், அகல டயர் என்று ஆசை யாரை விட்டது?

மலையேறி மண் அள்ளச் சோம்பல். வீட்டுப் பூந்தொட்டியில் ஒரு பிடி எடுத்துப் போனேன். பாய் கசக்கி மோந்து பார்த்தார்.

"இதுல ரோசாச் செடி நல்லா வருங்க. வண்டி வராது."

மறுநாள் மலை மண்ணோடு போனேன். தண்ணீர் விட்டுப் பிசைந்தார். "மேல களி, அடியில கல்லு. அகல டயரு களி மேலயே வழுக்கும். ஒல்லி டயருதான் களியக் கிழிச்சி கல்லப் புடிக்கும்."

"அலாய் வீலாச்சும் போடுங்க பாய்."

"கல்லுல அடிச்சா அலாய் ஒடஞ்சிரும். இரும்பு நெளியும், தட்டி ஓட்டிக்கலாம். ஒங்களுக்குத் தங்கச்சி வேணுமா, பளபளப்பு வேணுமா?"

பட்டு வேட்டிக்குக் கீழே ரப்பர் செருப்பு போட்டதுபோல ஜீப் வீடு வந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, கொட்டுகிற மழையில் போன் வந்தது, தங்கைக்கு வலி. கேள்விப்பட்ட பாய் கடையைப் பூட்டிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். மலையடிவாரத்தில் இறங்கி நாலு டயரிலும் பாதிக் காற்றைத் திறந்துவிட்டார். எனக்கு உயிரே போனது.

"வயிறு முட்டத் தின்னவன் மல ஏற மாட்டானுங்க. ஓட்டுங்க."

வழியில் தடாலென்று ஒரு கல். ரிம் நெளிந்தது, காற்று இறங்கவில்லை. தங்கையோடு பத்திரமாக ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். மதியமே பெண் குழந்தை.

நாற்பது நாள் கழித்துத் தங்கை குழந்தையைக் கடைக்குத் தூக்கிவந்தாள். பாய் கையைத் துடைத்துக்கொண்டு, டயரைத் தடவுகிற அதே கட்டைவிரலால் குட்டிப் பாதத்தைத் தடவிப் பார்த்தார்.

"கிரிப்பு அருமையா இருக்குதுங்க. எந்த மலையும் ஏறும்."

அந்த மனிதரை அப்போதே கட்டிப்பிடித்திருக்க வேண்டும். கூச்சப்பட்டு, டயருக்குக் காற்று மட்டும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.