'இப்போது' தீர்ந்துபோன நாள்

படித்தவர்கள் செய்யும் கோமாளித்தனத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அதற்கு மரியாதையான ஒரு பெயர் ஏற்கெனவே தயாராக இருக்கும். மற்றவர்கள் சொதப்பினால் அது வெறும் சொதப்பல். நான் சொதப்பியதற்குப் பெயர் 'நெறிமுறை விலகல்'. ஓர் ஆய்வுக் கட்டுரையில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் எங்கள் ஊர்க் கோயில், பூசாரி மாமா, ஒரு பித்தளைத் தட்டு, கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல், என் அம்மாவின் வாய் எல்லாம் அடக்கம் என்பது அதைப் படிப்பவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை அடக்கத்தோடு சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். கொல்லிமலையில் எங்கள் ஊரும் சுற்று ஊர்களும் சேர்ந்த திருப்புலி நாட்டில் இதை என் வாயால் கேட்காத ஆள் கிடையாது. உளவியலில் முதுகலை முடித்துச் சேலத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளராகச் சேர்ந்தபோது கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டினார்கள். அதன்பிறகு அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. லீவுக்கு வந்து மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும்போதும் அது என் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. (குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். போட்டோ நனைந்துவிடக் கூடாதே.)

ஊருக்கு நான் 'மனசு டாக்டர்'. அம்மா செய்த விளம்பரம் அது.

"நான் டாக்டர் இல்லம்மா."

"எல்லாம் ஒண்ணுதான். சும்மாரு கண்ணு."

முழங்கால் வலிக்காரர்கள் வந்தார்கள். ஆட்டைத் தொலைத்த ஒருவர் வந்து, பக்கத்துக் காட்டுக்காரரின் மனசைப் படித்துச் சொல்லும்படி கேட்டார்.

எங்கள் திட்டம் சின்னக் குழந்தைகளைப் பற்றியது. பேச்சு வரத் தாமதமாகிற, கூப்பிட்டால் திரும்பாத, தன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கிற குழந்தைகள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சி வேறுபாடு உள்ளவர்கள். அவர்களோடு எப்படி விளையாடினால் நம் பக்கம் திரும்புவார்கள் என்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி. அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்க்க, பாதிக் குடும்பங்களுக்கு இப்போதே பயிற்சி. மீதிப் பாதிக்கு ஆறு மாதம் கழித்து. யாருக்கு எது என்று நாங்கள் முடிவு செய்யக் கூடாது. செய்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். (எனக்கு நிச்சயம் சாயும். பாதிப் பேர் எனக்குச் சொந்தக்காரர்கள்.) அதனால் பத்துக் குடும்பத்துக்கு ஒட்டிய உறைகள் பத்து. பாதியில் 'இப்போது' என்ற சீட்டு, பாதியில் 'பிறகு' என்ற சீட்டு. ஒவ்வொரு குடும்பத்தையும் தனியாக உட்காரவைத்து வரிசைப்படி ஓர் உறையைப் பிரிக்க வேண்டும். வந்தது வந்ததுதான்.

கொல்லிமலையையும் ஆய்வில் சேர்க்கும்படி எங்கள் பேராசிரியர் மேடத்திடம் மன்றாடியது நான்தான்.

"அங்க போய் விதி பிசகாம நடத்த முடியுமா கவிதா? பிசகினா அந்த ஊரையே விட்டுட வேண்டியதுதான்."

"என் ஊர் மேடம். நான் சொன்னா கேப்பாங்க."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மேடம் வைத்துக்கொண்டார்.

முதலில் பெயர் கொடுத்தவர் லட்சுமியக்கா. மலையிலேயே அடுத்த பகுதியான பைல் நாட்டிலிருந்து மகள் பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார். பொன்னிக்கு நாலு வயது. பேச்சு இல்லை. வட்டமாக எது கிடைத்தாலும் சுற்ற வேண்டும். டப்பா மூடி, சாப்பாட்டுத் தட்டு, கவிழ்த்துப் போட்ட சைக்கிளின் சக்கரம். சுற்றுவதையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள்.

"என்னையத் தவர எல்லாத்தையும் பாக்குதுங்க" என்றார் அக்கா. "ஒருக்கா என்ற மூஞ்சியப் பாத்துட்டுதுன்னாப் போதுமுங்க. எப்பங்க சொல்லிக் குடுப்பீங்க?"

சீக்கிரம் என்றேன். உறையில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

உறை பிரிக்கும் நாளில் மேடம் வருவதாக இருந்தது. மலைப்பாதையின் வளைவுகள் அவருடைய வயிற்றோடு சண்டை போட்டதால் ஜீப்பைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, "நீ ஆரம்பிச்சுடு" என்று போன் செய்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே தலைமை! சமுதாயக்கூடத்தில் ஊரே கூடியிருந்தது. தாய்மாரைத் தனித்தனியாகக் கூப்பிட வேண்டும் என்ற விதி இருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் பேசும் வாய்ப்பு மறுபடி கிடைக்குமா? எழுந்து நின்று அட்டையை நேராக்கிக்கொண்டு, 'சமவாய்ப்பு முறையிலான ஒதுக்கீடு' பற்றி உரையாற்றினேன். 'சார்பின்மை' என்றேன். 'ஒப்பீட்டுக் குழு' என்றேன். என் சொந்தச் சித்தி வாயைத் திறந்தபடி தூங்கினார்.

கடைசியில் பூசாரி மாமா கையைத் தூக்கினார். அம்மாவின் அண்ணன். ஊர்க் கோயிலில் மணியடிப்பவர். எந்தக் கூட்டத்திலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில் கறாரானவர்.

"ஏங் கண்ணு, இது நம்ம பூப் போட்டுப் பாக்கறதுதான?"

பூப் போட்டுப் பார்ப்பது என்றால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். நிலம் வாங்குவது முதல் சம்பந்தம் பேசுவது வரை எங்கள் ஊரில் இப்படித்தான். யார் மனசும் ஒரு பக்கம் சாய முடியாது. யோசித்துப் பார்த்தால் நான் அரை மணி நேரமாகக் கத்தியது அதைத்தான்.

"அதேதான் மாமா!" என்று குதித்தேன்.

அப்படிக் குதித்திருக்கக் கூடாது.

"அப்பறம் இங்க என்னத்துக்கு உக்காந்துட்டு? எந்திரிங்க, கோயிலுக்குப் போலாம்" என்றார் மாமா. கூட்டம் எழுந்தது. சித்தியும் எழுந்தார். நான் உறைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் பித்தளைத் தட்டு விளக்கப்பட்டு, பொங்கல் படைக்கப்பட்டு, வரிசை எண் போட்ட என் உறைகள் தட்டில் கலைக்கப்பட்டு, குங்குமமும் வைக்கப்பட்டுவிட்டன. கூட்டம் அவ்வளவு பயபக்தியோடு நின்றதைப் பார்த்ததும், எண் வரிசை போனால் போகிறது, எடுப்பது குருட்டாம்போக்கில்தானே என்று எனக்கு நானே ஒரு விதி எழுதிக்கொண்டேன்.

முதல் தாய் கண்ணை மூடி ஓர் உறையை எடுத்தார். பிரித்துப் படித்தேன். "பிறகு."

"செரி, இன்னொருக்கா கேளு" என்றார் மாமா.

"மாமா! இன்னொரு தடவை எல்லாம் கிடையாது. ஒரு தடவைதான்."

"ஒருக்காக் கேட்டுட்டு எந்திருச்சு வாரதுக்கு இதென்ன ரேசன் கடையா? சாமிகிட்ட மூணு தடவ கேக்கோணும். அதான் மொற."

"ஆய்வு முறைப்படி..." என்று நான் ஆரம்பித்தபோது கூட்டத்தின் நடுவிலிருந்து அந்தக் குரல் வந்தது. என் அம்மா.

"ஏங் கண்ணு, உன்னையக் காலேசுக்கு அனுப்பலாமான்னு உங்கப்பன் பூக் கேட்டப்ப ரெண்டு தடவயும் செவப்புத்தான வந்துது? மூணாவது கேட்டுத்தான வெள்ள வந்துது? மொதப் பூவோட நாங்க ஊட்டுக்கு வந்திருந்தா, நீ இன்னிக்கி இந்த அட்டையத் தொங்கப் போட்டுட்டு எங்களுக்கு ஞாயம் பேசீட்டு நிப்பியா?"

ஊரே சிரித்தது. தூங்கிய சித்திதான் அதிகம் சிரித்தார். என் படிப்பே மூன்றாவது உறையில் வந்தது.

அந்தத் தாய் மூன்றாவது தடவையில் 'இப்போது' வாங்கிக்கொண்டு போனார். வேண்டாத சீட்டைச் சாமியிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மாமா அதை மறுபடி உறைக்குள் போட்டு, பொங்கல் பருக்கையால் ஒட்டித் தட்டில் வைத்தார். இரண்டாவது தாய்க்கு முதல் தடவையே 'இப்போது'. கூட்டத்தில் குலவை. அடுத்தவருக்கும் அப்படியே, கொஞ்சம் கேட்டு வாங்கி. எல்லோரும் சிரித்த முகத்தோடு போனார்கள். அடடா, ஆய்வு என்றால் இப்படியல்லவா நடக்க வேண்டும் என்று ஒரு கணம் எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

ஐந்தாவது 'இப்போது' போன பிறகுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தட்டில் மிச்சமிருந்தது எல்லாமே 'பிறகு'. அடுத்து நின்றவர் லட்சுமியக்கா.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார். "பிறகு" என்றேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி எடுத்தார். "பிறகு." அந்த நேரம் பார்த்துத்தான், மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்தபடி மேடம் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றார். மூன்றாவதும் 'பிறகு'.

குலவை இல்லை. யாரோ "ச்சு" கொட்டினார்கள். லட்சுமியக்கா சீட்டைப் பார்க்கவில்லை, சாமியைப் பார்த்தார். "நான் என்னங்க பண்ணுனேன்?" என்று கேட்டார். சாமியிடம்தான்.

அதுவரை நான் பயந்தது வேலை போய்விடும் என்று. அந்தக் கேள்வியைக் கேட்டதும் வேலை மறந்துபோனது.

"அக்கா, சாமி ஒண்ணும் சொல்லலீங்க!" என்று கத்தினேன். "தட்டுல 'இப்போது' தீந்துபோச்சு. முன்னாடி வந்தவங்க எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கறது பூராவும் 'பிறகு'தான். நூறு தடவ எடுத்தாலும் அதுதான் வரும். தப்பு சாமி மேல இல்ல, பொன்னி மேல இல்ல, உங்க மேல இல்ல. என் மேல!"

"சாமி வாக்கு தீந்துபோச்சா?" மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ற கோயல்லயா? அதென்ன மண்ணெண்ணெயா தீந்து போறதுக்கு?"

அவர் கத்த, நான் கத்த, அம்மா யாருக்கு எதிராக என்றே தெரியாமல் கத்த, இத்தனைக்கும் நடுவில் பொன்னி தன் அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். நேராகத் தட்டிடம் போனாள். உறைகளை ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள். தட்டை நிமிர்த்தி, கல்தரையில் விளிம்பில் நிறுத்தி, ஒரு சுற்று சுற்றிவிட்டாள்.

அப்படி ஒரு சுற்றை நான் பார்த்ததில்லை. விளக்கிய பித்தளை வெயிலில் ஒரு பந்து போல மின்னியது. கத்திய எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தோம். தட்டு மெல்ல மெல்லச் சாய்ந்து, நடுங்கி, பெரிய சத்தத்தோடு படுத்தது.

மாமா தொண்டையைச் செருமினார். கடைசி வார்த்தை.

"தட்டு காலி. இனிமே 'பொறகு'ன்னு ஒண்ணு கெடையாது. பத்துப் பேத்துக்கும் இப்பவேதான்னு சாமி சொல்லிருச்சு."

குலவை கிளம்பியது பாருங்கள், மேடத்தின் கையிலிருந்த எலுமிச்சம்பழம் கீழே விழுந்துவிட்டது.

ஜீப்புக்குப் பக்கத்தில் விசாரணை நடந்தது. மேடம் ஓர் உறையைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன?"

"பொங்கல் மேடம்."

"அது தெரியுது. உறையில ஏன் இருக்கு?"

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் பூப் போடுவதை இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. மேடம் வெகுநேரம் வேறு பக்கம் திரும்பி நின்றார். தோள்கள் குலுங்கின. அவரும் அழுகிறார் என்றே நினைத்தேன். (சிரிப்பு என்பது பல மாதம் கழித்துத் தெரிந்தது.)

"இந்த ஊர் ஆய்வில இல்ல கவிதா. வேற வழியே கிடையாது."

"அப்ப பயிற்சி, மேடம்?"

கோயில் பக்கம் பார்த்தார். பத்துத் தாய்மாரும் இடுப்பில் ஆளுக்கொரு பிள்ளையோடு எங்களையே பார்த்து நின்றார்கள்.

"கணக்குல சேராதுன்னுதான் சொன்னேன். சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு சொல்லலயே. காலேஜ் ஆய்வுக் கமிட்டிக்கு நான் எழுதி அனுமதி வாங்குறேன். ஆனா ஆய்வுக்கான ஆள்களை இதுக்கு அனுப்ப முடியாது. பத்து வீட்டுக்கும் நீயே போகணும், உன் லீவு நாள்ல. உன் ஊர்தானே? நீ சொன்னா கேப்பாங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டார் என்று சொன்னேன் அல்லவா?

போனேன். மழையில், அட்டைப்பூச்சிக் கடிக்கு நடுவில், பத்து வீட்டுக்கும். பித்தளைத் தட்டை மாமா பொன்னிக்கே கொடுத்துவிட்டார். லட்சுமியக்காவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது சின்ன வேலைதான். பொன்னியின் கையிலிருந்து தட்டைப் பிடுங்காதீர்கள். அவளோடு சேர்ந்து நீங்களும் சுற்றுங்கள். அடுத்த சுற்றுக்கு முன்னால் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு நாள் அக்கா அப்படிப் பொறுத்தபோது, பொன்னி தட்டைப் பார்த்தாள். தட்டைப் பிடித்த கையைப் பார்த்தாள். பிறகு, இந்தக் கை யாருடையது என்று தேடுவதுபோல மேலே போய், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா தட்டைச் சுற்றினார். மறுபடி பொறுத்தார். மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவையும் அப்படியே.

"மூணு தடவ பாத்துட்டுதுங்க" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்ப செரிதானுங்க?"

சரிதான் என்றேன்.

ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 'ஓர் இடத்தில் ஒதுக்கீட்டில் நெறிமுறை விலகல் ஏற்பட்டதால் அவ்விடம் சேர்க்கப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அம்மா அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். என் பெயர் அதில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "நம்மூரு இருக்குதில்ல? உன்னாலதான வந்துது?" என்கிறார். ஒரு வகையில் உண்மைதான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் ஒரே கேள்விதான். "கண்ணு, சோறு இப்பவா, பொறகா?" "தண்ணி காஞ்சிருச்சு. குளிக்கறது இப்பவா, பொறகா?" கேட்டுவிட்டு அப்பா ஒரு பக்கம் சிரிப்பார், சித்தி ஒரு பக்கம் சிரிப்பார்.

போன வாரம் நான் சேலத்துக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் வந்து நின்றார்.

"கல்யாணம் இப்பவா, பொறகா?"

"பொறகு."

"இன்னொருக்கா கேக்கறேன். இப்பவா, பொறகா?"

"பொறகும்மா."

மூன்றாவது தடவைக்கு எங்கள் குடும்பத்தில் என்ன பலம் என்று எனக்குத் தெரியாதா? அம்மா வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் அட்டை ஆட ஆட பஸ்ஸுக்கு ஓடினேன்.