பாலத்து நடுவுல நின்ன நம்ம ஊர்க் குப்பை

மரியாதைக்குரிய பெரியப்பாவும் நகராட்சித் தலைவருமான உங்களுக்கு, காலேஜைப் பாதியில் விட்ட உங்கள் தம்பி மகன், தற்போது இரண்டாம் நம்பர் குப்பை லாரியின் ஓட்டுநர், பணிவுடன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீங்கள் பயங்கரக் கோபத்தில் இருப்பதாகப் பெரியம்மா போனில் சொன்னார்கள். அதுவும் சீக்கிரம் நலமாக வேண்டும்.

நகராட்சித் தலைவர் வீட்டுக் கழிவை நடுப்பாலத்தில் அடையாளம் காட்டியதற்காக என்னை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று மெமோ அனுப்பியிருக்கிறீர்கள். நாளைக்கு மன்றக் கூட்டத்தில் முடிவாம். அதற்குள் நடந்ததை என் பக்கத்திலிருந்தும் ஒரு தடவை கேளுங்கள்.

குப்பை அள்ளுற அதிகாரம் நகராட்சி கையிலேயே இருக்கணும், மேல இருக்கிற அரசாங்கம் அதைப் புடுங்கி ஒரே கம்பெனிகிட்ட குடுக்கக் கூடாதுன்னு மேசையைத் தட்டினது நீங்கதானே பெரியப்பா. நல்ல பேச்சு, நானும் கை தட்டினேன். சரி, நீங்களே சமாளிக்கிறீங்களான்னு பார்க்க மேலிடத்துலேர்ந்து ஒரு அதிகாரி வர்றார்னதும் என்ன சொன்னீங்க? ஊர்ல ஒரு பொட்டலம்கூட அவர் கண்ணுல படக்கூடாதுன்னீங்க. அது சுகாதார ஆய்வாளர் காதுக்குப் போச்சு. அவரை நாங்க கர்ச்சீப்னுதான் கூப்பிடுவோம், குப்பைக்குப் பத்தடி முன்னாலேயே மூக்கைப் பொத்திப்பார். கர்ச்சீப்புக்குள்ளேர்ந்தே உத்தரவு போட்டார்.

"எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்கிட்டு ஆத்துப் பாலத்தைத் தாண்டிப் போயிடு. நாலு மணி வரைக்கும் திரும்பி வராத."

"சார், பாலத்தைத் தாண்டினா பக்கத்து ஊரு."

"அதனாலதான்டா தாண்டச் சொல்றேன்."

போனேன். பாலம் ஒரு வண்டி அகலம்தான். நடுவுல போனா எதிர்ல பக்கத்து ஊர்க் குப்பை லாரி, கழுத்து வரைக்கும் லோடு. ஓட்டிக்கிட்டு வந்தது ஒரு அக்கா.

"பின்னால எடு தம்பி."

"நீங்க எடுங்கக்கா. நாலு மணி வரைக்கும் நான் ஊருக்குள்ள போகக் கூடாது."

"நானும்தான் போகக் கூடாது. எங்க ஊரைப் பார்த்து முடிச்சிட்டு அந்த அதிகாரி பாலத்தைத் தாண்டினாத்தான் நான் திரும்பலாம்."

"நாம ரெண்டு பேரும் இப்படி நின்னா அவர் எப்படிக்கா தாண்டுவார்?"

ரெண்டு பேரும் இஞ்சினை அணைச்சிட்டு யோசிச்சோம். யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அக்கா லாரிக்குப் பின்னால வெள்ளைக் கார் ஹாரன் அடிச்சுது.

அதிகாரி எறங்கி வந்து, "யாரோட குப்பை இதெல்லாம்?"னார். "எங்க ஊர்ல குப்பையே கிடையாது சார்"னு அக்கா கூசாம சொல்லிட்டாங்க. நான் குனிஞ்சு என் டயரைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அவர் பேனாவை எடுத்தார். "யாருக்கும் சொந்தமில்லையா? நல்லதாப் போச்சு. கம்பெனிக்கே எழுதிடறேன்."

கம்பெனி வந்தா உங்க அதிகாரம் போகும், அது உங்க கவலை. ஆனா என் லாரியும்ல போகும். காலேஜ் ஒரு வருஷம், மெக்கானிக் ஷெட் ரெண்டு மாசம், பால் பூத் பதினொரு நாள்னு ஓடிக்கிட்டே இருந்தவன், விடாம மூணு வருஷம் செஞ்ச ஒரே வேலை இதுதான் பெரியப்பா. அதனால, "எங்களோடது சார்"னேன்.

"எப்படி நம்புறது?"

லாரி மேல ஏறினேன். நாங்க பையைப் பார்க்கறதில்ல, முடிச்சைப் பார்ப்போம். "இது தையல்காரம்மா, துணி நாடாவால கட்டுவாங்க. இது பல் டாக்டர், அவர் போடுற முடிச்சை அவுக்கப் பல்லுதான் வேணும். இது கணக்கு வாத்தியார், போன வாரப் பையையே உதறி மறுபடி வெப்பார்." அவர் சிரிச்சிட்டார். சிரிச்சிட்டு ஒரு பையைக் கையால காட்டினார். "இது?"

"அது முடிச்சே போடாத வீடு சார். பேட்டரி, முட்டை ஓடு, உடைஞ்ச பல்பு எல்லாம் ஒண்ணாக் கிடக்கும். எங்க தலைவர் வீடு."

வாய்ல வந்துடுச்சு பெரியப்பா. அவர் நம்பாம பையைச் சாய்ச்சார். 'வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிப்போம்' நோட்டீஸ் ஒரு கட்டு விழுந்துது, உங்க போட்டோவோட, நெத்தியில முட்டை மஞ்சக்கருவோட.

தப்புதான். என்னை நீக்கிடாதீங்க. இனிமே உங்க வீட்டுப் பையை யார் காட்டிக் கேட்டாலும் அநாதைப் பைன்னு சொல்லிடறேன். நீங்க பிரிக்கவே வேணாம், நானே தெனமும் உங்க வாசல்ல உக்காந்து பிரிச்சுக்கறேன். பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் உடம்பும் நாற்காலியும் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்று வேண்டும்,

உங்கள் கீழ்ப்படிந்த தம்பி மகன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது அதிகாரியோட அறிக்கை வந்துடுச்சு. 'எந்தக் குப்பை எந்த வீட்டுடையது என்று தெரிந்த இந்த ஓட்டுநர் பணியில் இருக்கும்வரை, குப்பை அதிகாரம் இந்த நகராட்சியிடமே இருக்கலாம்'னு எழுதியிருக்கார். இருக்கும்வரை, பெரியப்பா. அதனால மேல கேட்ட மன்னிப்பு மொத்தமும் வாபஸ். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு உங்க வாசலுக்கு வருவேன். பிரிச்சு வைங்க. பிரிக்காம இருந்தா ரெண்டு ஹாரன் அடிச்சிட்டுப் போயிட்டே இருப்பேன்.